ஐந்தாவது கயிற்று மடிப்பு

என் தம்பியின் கல்யாணத்துக்காக எங்கள் வீட்டில் வாதாடியவள் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால், இவள் ஆரம்பத்திலிருந்தே அந்தப் பெண்ணை வேண்டாதவளாக இருந்திருப்பாள் என்று படிப்பவர்கள் எண்ணக்கூடும். உண்மை அதற்கு நேர்மாறானது. மணப்பாட்டுக் கரையிலிருந்து வரும் பெண், வேதக்காரக் குடும்பம், அதாவது கிறிஸ்தவர்கள், கப்பலில் சமையல் வேலை பார்த்தவரின் மகள் என்று தெரிந்ததும் அம்மா இரண்டு வேளை சாப்பிடாமல் கிடந்தாள். நான் அவள் கட்டிலருகே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, மனிதர்களைப் பிறப்பால் பிரிப்பதன் விளைவுகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னேன். சமூகப்பணி படித்தவள் நான். பிறர் வீடுகளில் பேசும் அதே குரலில் என் வீட்டிலும் பேசினேன். மூன்று மாதத்தில் அம்மா இறங்கிவந்தாள். நான் வென்றேன். கொள்கைக்கு ஒரு முகம் உண்டு என்பதையும், அது தினமும் காலையில் நம் அடுப்படியில் நின்று தேநீர் போடும் என்பதையும் அப்போது நான் நினைத்துப் பார்க்கவில்லை.

கல்யாணம் முடிந்த ஆறாம் மாதம், கார்த்திகையில், தம்பி மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தான். நாற்கரச் சாலையில் ஒரு லாரி ஓரமாக நெருக்கித் தள்ளியதில் இடுப்பும் தொடையும் முறிந்தன. மருத்துவமனைப் படிவங்களை நிரப்பியது நான். மருத்துவர்களிடம் கேள்வி கேட்டது நான். அறுவை சிகிச்சைக்கு முன்பு இரத்தம் கொடுக்க ஆள் திரட்டியது நான். அவன் மனைவி செய்தது ஒன்றே ஒன்று: அவன் கட்டிலை விட்டு நகரவில்லை. ஆனால் அவன் எழுந்து நடந்ததும், அக்கம்பக்கத்தார் வந்து விசாரிக்கும்போதெல்லாம் அம்மா ஒரே வாக்கியத்தைச் சொன்னாள்: "அவ இல்லன்னா எம்புள்ள எந்திரிச்சிருக்க மாட்டான்." நான் அடுத்த அறையில் அலுவலகக் கோப்புகளை அடுக்கிக்கொண்டு அதைக் கேட்டேன். ஒரு முறையல்ல, பல முறை.

அதுவரை அவள் என் அம்மாவை அவர்கள் ஊர் வழக்கப்படி "மாமி" என்றுதான் அழைத்தாள். மருத்துவமனையிலிருந்து திரும்பி வந்தபோது அது "யம்மா" ஆகியிருந்தது. எங்களைப் போலவே, அதே இழுப்போடு. அதை எனக்குச் சொன்னவர் யாருமில்லை. ஒருநாள் காலையில் என் காதில் விழுந்தது. நான் அழைத்த குரலென்று நினைத்து நானே திரும்பிப் பார்க்கும் அளவுக்கு அது எங்கள் குரலாக இருந்தது.

அப்பாவின் விஷயம் இதைவிடக் கடுமையாக என்னைத் தைத்தது. அவர் அரசுப் பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். பணிக்காலத்தில் பெரும்பகுதியை மாஞ்சோலைக்குப் போகும் மலைப்பாதையில் கழித்தவர். என் வேலையோ, மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டம் மூடப்பட்டதால் அங்கிருந்து கீழே இறங்கிவந்த குடும்பங்களுக்கு வீட்டு மனுவும் பள்ளி மாற்றுச் சான்றும் எழுதிக் கொடுப்பது. அவர்களுடைய மலை வாழ்க்கையை அறிந்த ஒருவர் என் வீட்டிலேயே இருக்கிறார் என்பது எனக்கு எத்தனை பெரிய உதவி. ஒரு குறிப்பேடு வாங்கி வைத்துக்கொண்டு அவரிடம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். "என்னத்தச் சொல்ல. ரோடு, வளைவு, மழை. ஏறுனோம், இறங்குனோம்" என்று சொல்லிவிட்டுச் செய்தித்தாளைப் பிரித்துக்கொள்வார். குறிப்பேட்டில் முதல் பக்கத்துக்குமேல் எழுத எனக்கு எதுவும் கிடைத்ததில்லை.

சித்திரை வந்தது. தம்பி ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு நடக்கத் தொடங்கினான். ஒரு திங்கட்கிழமை வேலைக்குத் திரும்புவதென்று முடிவாயிற்று. அதற்கு முந்தைய நாள், ஞாயிறு இரவுச் சாப்பாட்டுக்கு, மருத்துவமனையில் அவனுக்குக் கொடுத்திருந்த வாக்கை நிறைவேற்றப்போவதாக அவன் மனைவி அறிவித்தாள். அவன் முதன்முதலாக அவள் வீட்டுக்குப் போனபோது அவளுடைய அப்பா ஒரு பண்டம் செய்து கொடுத்தாராம். இத்தாலியத் துறைமுகம் ஒன்றில் கற்றுக்கொண்டது. கல்சோனே என்று பெயர். ஈஸ்ட் போட்டுப் பிசைந்த மாவை வட்டமாகப் பரத்தி, உள்ளே சீஸும் வதக்கிய கறியும் வைத்து, அரைநிலவாக மடித்து மூடி, ஓவனில் சுடுவது.

"ஏட்டி, இது நம்ம சோமாசிதானே" என்றாள் அம்மா, கைப்பேசியில் படத்தைப் பார்த்துவிட்டு. "கொஞ்சம் பெருக்கி வச்சிருக்காங்க."

"புரோட்டாவுக்குள்ள சால்னாவ வச்சு ஒட்டுன மாதிரி இருக்கும்மா" என்றான் தம்பி. "தின்னுட்டுப் பேசு."

அம்மாவால் அதை அப்படியே தின்ன முடியாது என்பதுதான் அந்த ஞாயிற்றுக்கிழமையின் முழுச் சிக்கலும். தம்பி அறுவை சிகிச்சை அறைக்குள் போன அன்று அவள் திருச்செந்தூர் முருகனுக்கு நேர்ந்துகொண்டாள். பிள்ளை எழுந்து நடக்க வேண்டும், அதற்காக வைகாசி விசாகம்வரை கவிச்சி தொடமாட்டேன் என்று. மீனில்லாமல் சோறு இறங்காத அம்மா, கார்த்திகையிலிருந்து அதைக் கடைப்பிடித்துவந்தாள். மற்றவர்கள் சாப்பிடுவதைத் தடுக்கவில்லை. தனக்கு மட்டும் தனிச் சட்டி, தனிக் கரண்டி, தனித் தோசைக்கல். விசாகத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

என் தம்பியின் எலும்பைச் சேர்த்தது மருத்துவம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் நேர்ச்சை தவறினால் என்ன நேரும் என்று நான் அறிவேன். முருகன் எதுவும் செய்யமாட்டான்; அம்மாதான் தன்னைத் தண்டித்துக்கொள்வாள். தம்பி வண்டிச் சாவியை எடுக்கும் ஒவ்வொரு காலையும் வாசலில் நின்று நடுங்குவாள். அவனுக்கு ஒரு தலைவலி வந்தால்கூட தவறிப்போன அந்த நேர்ச்சையை எண்ணுவாள். தன்னை நொந்து முடிந்ததும் அதற்குக் காரணமானவர் யார் என்று தேடுவாள்.

இதை என் தம்பி மனைவியும் உணர்ந்திருந்தாள் என்பதை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். அவள் ஊரிலிருந்து சூரை மீன் வந்திருந்தது. அதை உதிர்த்து மிளகும் வெங்காயமும் போட்டு ஒரு கறி. அம்மாவுக்கென்று பன்னீரும் குடைமிளகாயும் தக்காளியும் சேர்த்து இன்னொன்று. இரண்டுக்கும் வெவ்வேறு பலகை, வெவ்வேறு கிண்ணம். அவள் சித்தி கல்யாணத்துக்குக் கொடுத்து, பெட்டி பிரிக்காமலே கிடந்த ஓவனில் முதலில் பன்னீர் மட்டும், அவை வெந்து வெளியே வந்த பிறகு மீன். எல்லாவற்றையும் அவள் முன்கூட்டியே யோசித்திருந்தாள். யோசிப்பது என் வேலை என்று இந்த வீட்டில் இருபது வருடமாக இருந்தது.

"மூடிட்டா உள்ள இருக்கது வெளிய தெரியாதுல்லா மதினி" என்றாள் என்னிடம். கணவனின் அக்காவை மதினி என்பதில் இரு ஊருக்கும் வேறுபாடில்லை. "கப்பல்ல பன்னி திங்கிறவுக, திங்காதவுகன்னு ரெண்டு கூட்டம் உண்டாம். அதனால எங்கப்பா ஓரத்துலயே அடையாளம் வச்சிருவாக. ஒரு கூட்டத்துக்கு முள்கரண்டி அச்சு, இன்னொண்ணுக்கு வேற மாதிரி. பாத்த உடனே தெரிஞ்சிரும், யாரும் சண்டைக்கு வரமாட்டாக."

"சரி. இங்க எப்படி?"

"எனக்கு முள்கரண்டிதான் தெரியும். மீனுக்கு அத அழுத்திருதேன். நீங்க சோமாசிக்குக் கயிறு மாதிரி மடிப்பியளாமே, அம்மா சொன்னாக. பன்னீர்க்கெல்லாம் நீங்க மடிக்கியளா? கயிறு மடிப்பு இருந்தா அம்மாவுக்கு. கரண்டி அச்சு இருந்தா நமக்கு."

இது என்னை மகிழ்வித்திருக்க வேண்டும். தீபாவளிக்குத் தீபாவளி எங்கள் வீட்டுச் சோமாசிகளின் ஓரத்தை மடிப்பது நான் ஒருத்திதான். ஓரத்தைக் கிள்ளி, மடித்து, மறுபடி கிள்ளி, மடித்து, முறுக்கிய கயிறு போல ஒரு விளிம்பு. எண்ணெயில் போட்டாலும் ஒன்றுகூட வாய் திறக்காது. ஆனால் அந்த வேலையை அவள் எனக்குப் பகிர்ந்து கொடுத்ததில் ஒரு மேற்பார்வையாளரின் தொனியைக் கேட்டேன். அவள் அப்படிச் சொல்லவில்லை. நான் அப்படிக் கேட்டேன். என் வீட்டு அடுப்படியில் எனக்கு இடம் ஒதுக்கித் தருகிறாள் என்று.

சித்திரை வெயிலில் மாவு அரைமணி நேரத்திலேயே ஈரத்துணியைத் தூக்கிக்கொண்டு பொங்கிவிட்டது. மாலை ஐந்தரை மணி இருக்கும். கூடத்தில் பத்தமடைப் பாயை விரித்து, அதன் நடுவே செய்தித்தாள் பரப்பி, இரு பலகைகளோடும் உட்கார்ந்தோம். என் பலகையில் பன்னீர், அவள் பலகையில் மீன். கணக்கு: பன்னீரில் நான்கு, மீனில் ஆறு. அம்மா கொல்லைப்புறத்தில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். தம்பி கடைக்குப் போயிருந்தான். அப்பா நாற்காலியில் செய்தித்தாள் இல்லாமல் உட்கார்ந்திருந்தார், ஏனென்றால் அது எங்கள் பலகைக்கு அடியில் இருந்தது.

நான் நான்கையும் மடித்து முடிக்கும் தறுவாயில் அப்பா பேசத் தொடங்கினார். என்னிடம் அல்ல.

"மேல எஸ்டேட்டுல ஒரு பொம்பள இருந்தா" என்றார், அவள் மாவு உருட்டுவதைப் பார்த்தபடி. "மகன் கீழ அம்பாசமுத்திரத்துல விடுதில தங்கிப் படிச்சான். திங்கக்கிழம திங்கக்கிழம ஒரு தூக்குவாளிய எங்கிட்டத் தந்துவிடுவா. அவன் பஸ்ஸ்டாண்டுல வந்து வாங்கிக்கிடுவான். நாலு வருசம்."

"நாலு வருசமுமா மாமா?" என்றாள் அவள், கை நிறுத்தாமல். அப்பாவை மட்டும் அவள் இன்னும் மாமா என்றுதான் அழைத்தாள். எனக்கு அதிலும் ஒரு சிறு ஆறுதல் இருந்தது என்று எழுத வெட்கமாக இருக்கிறது.

"ஒரு வாரம் தப்பாது. மழைன்னாலும் குடையப் பிடிச்சிக்கிட்டு நிப்பா. வாளிய என் காலுக்கடியில வச்சிக்கிடுவேன். சூடு காலுல தெரியும். ஒருநாள் பாத்துக்க, வாளிய வாங்குனா லேசா இருக்கு. ஒண்ணுமே இல்லாத மாதிரி. அவ முகத்தப் பாத்தேன், அவ அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டா. எனக்கு மனசு கேக்கல. மூணாவது வளைவுல வண்டிய ஓரங்கட்டி, மூடியத் திறந்து..."

என் குறிப்பேட்டில் இடம்பெற்றிருக்க வேண்டிய கதை அது. நான் வருடக்கணக்கில் கேட்டும் கிடைக்காததை, அவள் கேட்காமலேயே வாங்கிக்கொண்டிருந்தாள். அவள் அதைப் பெரிதாகவும் மதிக்கவில்லை; கையில் இருந்த ஒரு மீன் கல்சோனேயின் ஓரம் ஒட்டாமல் வாய் பிளந்து நின்றது, அவள் கண் பாதி அதில் இருந்தது. கறி ஓரத்தில் பட்டுவிட்டது போலும். முள்கரண்டியால் இரண்டு முறை அழுத்தினாள். இரண்டு முறையும் திறந்துகொண்டது. கேட்டுக்கொண்டே அதைப் பலகையின் ஓரமாக ஒதுக்கி வைத்தாள்.

நான் கையை நீட்டி அதை எடுத்தேன்.

"இங்கன பாரு" என்றேன், அப்பாவின் வாக்கியத்தின் குறுக்கே. "ஓரத்துல ஈரம் இருந்தா கரண்டி நிக்காது. இப்படித் துடைச்சிட்டு, இப்படிக் கிள்ளி, மடிச்சி. இனிமே இது ஓவன்ல வெடிச்சாலும் திறக்காது."

அப்பா பேச்சை நிறுத்திவிட்டு என் கைகளைப் பார்த்தார். "இவ மடிப்புக்கு இங்கன ஆள் கிடையாது" என்றார்.

அவ்வளவுதான் நான் வேண்டியது. அந்த வார்த்தையின் சூட்டில், மடித்து முடித்ததை எங்கே வைப்பது என்று என் கை என்னைக் கேட்கவில்லை. இருபது வருடப் பழக்கம் எங்கே வைக்கச் சொல்லியதோ அங்கே வைத்தது. என் பலகையில், என் நான்கின் வரிசையில், ஐந்தாவதாக.

தம்பி கடையிலிருந்து வந்தான், அம்மா துணியோடு உள்ளே வந்தாள், பேச்சு கலைந்தது. நான் கை கழுவப் போனேன். திரும்பி வரும்போது அவள் என் பலகையிலிருந்தவற்றை ஓவன் தட்டுக்கு மாற்றிக்கொண்டிருந்தாள்.

"மதினி, அஞ்சா மடிச்சிய? நாலுன்னுல்லா நெனச்சேன்."

"மாவு மிச்சம் இருந்துது" என்றேன். பொய் சொல்ல எண்ணிச் சொன்னதில்லை. அவள் என் வேலையைக் கணக்குப் பார்க்கிறாள் என்று தோன்றியதால், யோசிக்காமல் வாயில் வந்த பதிலைக் கொடுத்துவிட்டேன். நெருக்கினால் ஐந்து பிடிக்கும் தட்டு அது. நெருக்கி வைத்து ஓவனுக்குள் தள்ளினாள்.

பிறகுதான் அவளுடைய பலகையைப் பார்த்தேன். முள்கரண்டி அச்சு விழுந்தவை ஐந்து இருந்தன.

அந்த நேரத்தில் என் மனதில் ஓடியதை ஓடிய வரிசையிலேயே எழுதுகிறேன். முதலில், ஓவனைத் திறந்து அந்த ஒன்றை எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்தேன். ஐந்தும் என் மடிப்பு. ஐந்தும் ஒரே அளவு, ஒரே முறுக்கு, ஒன்றுக்கொன்று அணுவளவும் பிசகாதவை. ஒரு தீபாவளிக்கும் நான் இத்தனை ஒழுங்காக மடித்ததில்லை. எது எதுவென்று சொல்ல என்னாலேயே முடியவில்லை. உப்பிய பிறகு இன்னும் மோசம்.

அடுத்து, சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். "நீ ஒதுக்கிய மீனை நான் எடுத்து மடித்து என் பக்கம் வைத்துவிட்டேன்" என்று ஒரே ஒரு வாக்கியம். அவள் கேட்ட அப்போதே சொல்லியிருந்தால் அது வெறும் தவறு. இப்போது அதன்மேல் என் "மாவு மிச்சம்" ஏறி உட்கார்ந்திருந்தது.

மூன்றாவதாக வந்ததைத்தான் எழுதத் தயங்குகிறேன். நான் ஒன்றுமே சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று பார்த்தேன். அம்மா கடிப்பாள். மீன் வாசனை தெரியும். துப்புவாள். எல்லோரும் யாரைப் பார்ப்பார்கள்? சமைத்தவளை. மீன் எவள் ஊரிலிருந்து வந்ததோ அவளை. முருகனுக்கு நேர்ந்ததை அவளுக்கு என்ன தெரியும் என்று அம்மா வாயால் சொல்லாமல் முகத்தால் சொல்வாள். "அவ இல்லன்னா" என்று தொடங்கும் அந்த வாக்கியம் இந்த வீட்டில் அன்றோடு நின்றுவிடும். இந்தக் காட்சியை நான் ஒரு முறை முழுதாக மனதில் பார்த்தேன். இரண்டாம் முறையும் பார்த்தேன். அது எனக்கு இனித்தது. பிறருடைய வீட்டுக் கூடங்களில் உட்கார்ந்து, ஒரு சொல் ஒரு பெண்ணை எப்படி ஊரைவிட்டே துரத்தும் என்று விளக்குகிறவள் நான்.

இருபத்தைந்து நிமிடம் ஓவன் சூடாக இருந்தது. நான் தட்டுகளைத் துடைத்தேன். துடைத்தவற்றையே மறுபடி துடைத்தேன்.

ஓவன் மணி அடித்தது. ஐந்தும் பொன்னிறமாக வெளியே வந்தன. தம்பி குனிந்து முகர்ந்தான். மீன்தட்டு உள்ளே போகக் காத்திருந்ததால் வீடு முழுக்க ஏற்கெனவே மீன் வாசனைதான். அதில் எதுவும் பிரிந்து தெரியவில்லை.

"முதல்ல அம்மாவுக்கு" என்றாள் அவள். "யம்மா, உக்காருங்க. சூடாத் தின்னாத்தான் சீஸ் இழுக்கும்."

"எல்லாரும் உக்காரட்டும்ட்டி."

"நீங்க மொதல்ல. இது உங்களுக்குன்னே செஞ்சது."

அம்மாவின் தனித்தட்டில் ஒன்றை வைத்தாள். அம்மா ஓரத்தைத் தொட்டுப் பார்த்தாள், என் மடிப்பை. "எவ்வளவு அழகா வந்திருக்கு" என்று சொல்லி, ஒரு முனையைப் பிய்க்க விரலைக் கொண்டுபோனாள்.

"யம்மா, தொடாத."

என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. அம்மாவின் கை தட்டுக்குமேல் நின்றது.

"என்னட்டி?"

"அதுல ஒண்ணு மீனு. எதுன்னு தெரியல."

அம்மா என்னைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தாள். அப்பாவும் அவளைப் பார்த்தார். தம்பியும்கூட. நான் மனதில் இரண்டு முறை பார்த்த காட்சி மூன்றாம் முறையாக என் எதிரே நடந்துகொண்டிருந்தது, யாரும் எதுவும் கடிக்காமலே. அவள் விரல்களை மடக்கி எண்ணத் தொடங்கினாள். ஆறு, நான்கு, ஐந்து.

"நான்தான் மாத்தி வச்சிட்டேன் போலிருக்கு" என்றாள். "கணக்கு சரியாத்தான் வச்சிருந்தேன். எங்கனயோ... மாப்பு பண்ணுங்கம்மா."

ஒரு மூச்சு விடும் நேரம் அந்தச் சொல் அப்படியே நின்றது. நான் அதை நிற்கவிட்டேன். இதுவும் எழுதப்பட வேண்டியதே.

பிறகு சொன்னேன். "அவ இல்ல. நான்தான். அவ ஒதுக்கி வச்ச மீன நான் எடுத்து மடிச்சு எம்பக்கம் வச்சிட்டேன். அஞ்சு இருக்கேன்னு அவ கேட்டா. மாவு மிச்சம்னு சொல்லிட்டேன். ஓவன்ல வச்ச பொறவுதான் தெரிஞ்சுது."

"தெரிஞ்ச உடனே சொல்லதுக்கென்ன?" என்றான் தம்பி.

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. ஆனால் அந்தக் கூடத்தில் சொல்லக்கூடிய பதில் அல்ல. அம்மா எழுந்து போய், ஓரத்தை மட்டுமே தொட்ட கையைக் குழாயில் நெடுநேரம் கழுவினாள். முந்தானையில் துடைத்துக்கொண்டே திரும்பி வந்து, என்னை ஒரு முறை முழுதாகப் பார்த்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது என்று எனக்குத் தோன்றியது. எல்லாமே விளங்கியிருக்காது, போதுமான அளவு.

"வாயில படலல்லா" என்றாள். "அது போதும். ஒரே தட்டுல வெந்தது, எனக்கு எதுவும் வேண்டாம். தயிர்ச்சோறு இருக்கு."

"தயிர்ச்சோறா?" என்றாள் தம்பி மனைவி. சட்டென்று எழுந்து உள்ளே போய் இரண்டு கிண்ணங்களோடு வந்தாள். ஒன்றில் உள்ளங்கையளவு மாவும், இன்னொன்றில் சீஸ் கலந்த பன்னீரும். "அம்மாவுக்கு நாளைக்குக் காலைலயும் ஒண்ணு செஞ்சி குடுக்கலாம்னு எடுத்து வச்சேன். உங்க தோசக்கல்லு இருக்குல்லா? மூடி போட்டு பைய வேகவச்சா ஓவன் தேவையில்ல."

நாளைக் காலைக்கும் சேர்த்து யோசித்திருக்கிறாள். அந்த நிலையிலும், என் குற்றம் எல்லோர் முன்னும் விரிந்து கிடந்த அந்த நிலையிலும், என் மனம் அதைத்தான் முதலில் எண்ணியது.

அடுப்படியில் அவள் மாவைப் பரத்தினாள். பன்னீரை வைத்தாள். மடித்தாள். பிறகு, முன்பு பேசிவைத்தபடியே, அதை என் பக்கம் நகர்த்தினாள். "மதினி, ஓரம்."

அதில் குத்தல் எதுவும் இல்லை. குத்தல் இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். நான் கையை நீட்டினேன்.

"நீயே ஒட்டிரு பிள்ள" என்றாள் அம்மா, கதவருகே நின்று. அவளிடம்தான். "முள்கரண்டியே போதும்."

நான் கையை எடுத்துக்கொண்டேன்.

அவள் முள்கரண்டியால் அழுத்தினாள். தோசைக்கல்லில் அது ஒரு பக்கமாகத் திறந்து, சீஸ் வெளியே வழிந்து கருகியது. அம்மா அந்தக் கருகலைச் சுரண்டித் தின்றாள். "முறுவலா நல்லாருக்கு" என்றாள். தம்பி ஐந்து கயிற்று மடிப்புகளையும் பிட்டுப் பார்த்தான், நான்காவதில் மீன் இருந்தது. "யக்கா, இது உன் பங்கு" என்று என் தட்டில் வைத்தான். சிரித்துக்கொண்டேதான் வைத்தான். அதன் ஓரம் ஓரிடத்திலும் விட்டிருக்கவில்லை. உள்ளே கறி கொஞ்சமும் உலராமல் நன்றாக வெந்திருந்தது. அத்தனை சுவையான ஒன்றை நான் சாப்பிட்டு அதிக நாளாயிற்று. அதைச் செய்தவள் அவள் என்பதையும் கூடவே விழுங்க வேண்டியிருந்தது.

சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவ நானும் அவளும் நின்றோம். அவள் ஓவன் தட்டைத் தேய்த்தாள், நான் துடைத்தேன். மன்னிப்புக் கேட்க ஒரு வாக்கியத்தை நான் அமைத்து வைத்திருந்தேன். அதில் எழுவாயும் பயனிலையும் சரியாக இருந்தன. வாய்க்கு வந்தது வேறு.

"அப்பா அந்தத் தூக்குவாளிக் கதைய எப்படி முடிச்சாரு?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "எங்க முடிச்சாக. மூடியத் திறந்தேன்னு சொன்னாக. நீங்க ஓரத்தப் பத்திப் பேச ஆரம்பிச்சிட்டிய. பொறவு இவுக வந்துட்டாக."

வாளிக்குள் என்ன இருந்தது என்று அவளுக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. நான் இருவரிடமிருந்தும் அதைப் பிடுங்கிவிட்டிருந்தேன்.

"எனக்கும் அதே நெனப்புதான் மதினி" என்றாள், தட்டைக் கவிழ்த்து வைத்துக்கொண்டே. "நாளைக்கு நீங்க ஆபீசுக்குப் போன பொறவு மாமாட்டக் கேக்கேன். சாயந்திரம் வந்ததும் உங்களுக்குச் சொல்லுதேன்."

நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். எனக்கு அது தெரியும்.

"இல்ல" என்றேன். "நான் வந்த பொறவு கேளு."